ஊசியிலையின் எடை

வலையில் ஊசியிலை இல்லை. கடுகு அளவில், பச்சையும் பழுப்புமாகப் புழுவின் எச்சம்தான் விரல்கடை கனத்துக்குக் கிடந்தது. ரீக்கா அதையும் பைக்குள் தட்டி, எண் எழுதிக் கட்டினாள். ஐலாவின் பைன் காட்டில் பதினெட்டு இடங்களில் இப்படி வலை கட்டி, உதிரும் ஊசியிலையை மாதாமாதம் அள்ளிப்போய், உலர்த்தி, நிறுத்து, காடு எவ்வளவு கார்பனைக் காற்றிலிருந்து இழுத்துத் தனக்குள் வைத்துக்கொள்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. பதினோரு வருடமாகிறது.

ஜூன் பிறந்ததும் புழு வந்தது. கிளைக்கு நூறு, இருநூறு. கிட்டே போய் மூச்சு விட்டால் எல்லாம் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கும். நுனித் தளிரை மட்டும் விட்டுவிட்டுப் பழைய இலை அத்தனையும் தின்றுவிடும். போன வருடமும் இப்படித்தான். இரண்டாம் முறையும் மொட்டையான மரத்தை, பட்டைக்கடியில் துளைத்து மரத்தையே சாகடிக்கும் பட்டை வண்டு சும்மா விடாது என்று ரீக்காவுக்குத் தெரியும். ஐலாவிடம் சொல்லவில்லை.

மூன்றாவது வரிசையில் ஐலாவே நின்றாள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள், அறுபத்து நான்கு வயது. புயலில் அப்பாவின் மரங்கள் சாய்ந்த மறு வருடம் இந்தக் காட்டைத் தனி ஆளாக நட்டவள். சோப்புத் தண்ணீர் வாளிக்குள் புழுக்களை உருவி உருவி விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐலா! என்ன பண்றீங்க? இங்க கை வைக்க மாட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க."

"மருந்தடிக்கலாமான்னு கேட்டேன், கூடாதுன்ன. கையாலயாவது எடுக்கறேன்."

"நானும் ஆபீஸ்ல கேட்டுப் பாத்துட்டேன். நடக்கறதை அப்படியே விட்டு அளக்கணுங்கறாங்க. நீங்க தொட்டா இந்த இடத்தையே ஆய்வுலேருந்து எடுத்துடுவாங்க."

"சாகறதையும் நிறுப்பியா?" ஐலா திரும்பவில்லை. "பஸ்ல ஒரு புள்ள வாந்தி எடுத்தா நான் வண்டிய ஓரங்கட்டுவேன். எவ்வளவு எடுக்குதுன்னு அளந்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

வேறு நாளாக இருந்தால் ரீக்கா சிரித்திருப்பாள். தூறல் போடுவது போல காடெங்கும் ஒரு சத்தம். வானம் பளிச்சென்றிருந்தது. எச்சம்தான் உதிர்ந்துகொண்டிருந்தது, இருவர் தோளிலும். பிசினும் புழுச்சாறும் அப்பிய கையாலேயே ஐலா அடுத்த கிளையை வளைத்தாள்.

ரீக்கா பைகளைக் கீழே வைத்தாள். காருக்குப் போய்க் கையுறை மாட்டிக்கொண்டு வந்து பக்கத்துக் கிளையைப் பிடித்தாள். ஐலா வாளியைக் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினாள்.

நான்கு மணி நேரத்தில் ஒன்பது மரம். அதுவும் கை எட்டுகிற கிளைகள் மட்டும். அதற்கு மேல் ஒவ்வொரு மரத்திலும் நான்கு ஆள் உயரம் பாக்கி. காட்டில் எத்தனை மரம் என்று ரீக்காவுக்கு மனப்பாடம்.

"நாளைக்கு ஏணி கொண்டாறேன்," என்றாள் ஐலா.

"ம்."

ஏணிக்கும் எட்டாது என்று ரீக்காவுக்குத் தெரியும். இன்று செய்ததை அலுவலகத்துக்கு எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. இருவரும் அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். மொட்டைக் கிளைகளுக்கு நடுவே வானம் அகலமாகத் திறந்து கிடந்தது. இத்தனை வருடம் நிழலிலேயே வளர்ந்த பாசியின் மேல் வெயில் நேராக விழுந்து, ஓரங்கள் வெளுத்துச் சுருண்டிருந்தன. ஐலா கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, அதன் மேல் கவிழ்த்து வைத்தாள்.