உள்ள யாராவது இருக்கீங்களா?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. பக்கத்து வீட்டுக்காரி என் தலையில் கட்டியது. "எங்கப்பாவைப் பத்தி எழுதிக் குடுங்க. நான் சொன்னா அண்ணன் நம்பமாட்டான், அச்சுல வந்தா நம்புவான்" என்றாள். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவை முதியோர் இல்லத்துக்கு அழைத்துப் போகப்போகிறான். காரணம், அவர் வீட்டின் ஒவ்வோர் அறை வாசலிலும் நின்று "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கத்துகிறார். காலி அறை என்றாலும் கத்துகிறார். புத்தி பிசகிவிட்டது என்பது மகனின் கட்சி.

காரியம் ஆக வேண்டியவர்கள் சொல்லும் கதையை நான் நம்புவதில்லை. நீங்களும் நம்பாதீர்கள்.

2

அவர் முதலில் பட்டாளத்திலும் பிறகு தீயணைப்பிலும் இருந்தவராம். முதல் வரிக்கு முயன்றேன்.

போர்முனையிலிருந்து திரும்பிய அந்த வீரன் தீயணைப்பு நிலையத்தின்— (வீரன் என்றதுமே பேனா இளித்தது.)

தொண்ணூறை நெருங்கும் அம்மனிதரின் கண்களில் இன்னும் தீ— (சீச்சீ.)

நேரிலேயே போய்விட்டேன். ஏற இறங்கப் பார்த்தார்.

"என் பையன் அனுப்பின ஆளா நீ?"

"இல்லீங்க, உங்க பொண்ணு."

"ரெண்டும் ஒண்ணுதான்."

சந்தேகப்படுவதில் என்னையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்.

3

மகள் சொன்னது இது. ராணுவத்திலிருந்து வந்து தீயணைப்பில் சேர்ந்த புதிதில், புகை மண்டிய ஒரு வீட்டுக்குள் அவர் நுழைந்தார். தீயணைப்பு ஆள் குரல் கொடுத்துக்கொண்டேதான் போக வேண்டும். இவரோ பழக்க தோஷத்தில், எதிரி இருக்கும் வீட்டுக்குள் போகிற மாதிரி அடிமேல் அடி வைத்து, சத்தமே இல்லாமல் போனார். கட்டிலுக்கு அடியில் ஒரு பெண். அவளும் போரைப் பார்த்தவள்தான். பேசாமல் நடக்கும் பூட்ஸைக் கண்டதும், சிப்பாய் தேடி வந்துவிட்டான் என்று வாயைப் பொத்திக்கொண்டாள். இவர் வெளியே வந்து "காலி" என்று சொல்லிவிட்டார்.

அவள் ஜன்னல் வழியே குதித்துத் தப்பினாள். மறுநாள் நிலையத்துக்கே வந்து, "வாயைத் திறந்து கூப்பிட்டா முத்து உதிர்ந்துடுமா?" என்று கிழி கிழியென்று கிழித்தாள். அவளைத்தான் பிறகு கட்டிக்கொண்டாராம். அன்றிலிருந்து எந்த அறைக்குள்ளும் குரல் கொடுக்காமல் நுழைந்ததில்லையாம்.

(இங்கே எனக்கு இடித்தது. எரிகிற வீட்டில் கல்யாணச் சம்பந்தமா? யாருக்குக் காது குத்துகிறாள்?)

"அப்படின்னா இத்தனை வருஷமும் கத்தியிருக்கணுமே. உங்கண்ணன் காதுல விழலையா?"

"கத்திக்கிட்டுதான் இருந்தாரு. கேட்டு முடிக்கிறதுக்குள்ள அம்மா 'இருக்கேன், இருக்கேன்'னு குரல் குடுத்துடுவாங்க. அதனால யாரும் கவனிக்கல. இப்ப அம்மா இல்ல."

நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இருப்பதுதான் என் சந்தேகம்.

4

சோதித்துப் பார்த்தேன். அவர் வீட்டுப் பின்னறையில் திரையை இழுத்துவிட்டு, கதவைச் சாத்தி, இருட்டில் சுவரோரம் உட்கார்ந்தேன். வந்தார். சூடு இருக்கிறதா என்று கதவைப் புறங்கையால் தொட்டுவிட்டுத் திறந்தார்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

நான் மூச்சுவிடவில்லை. வெறும் கத்தல் என்றால் கத்திவிட்டுப் போய்விடுவார் என்று கணக்குப் போட்டிருந்தேன். போகவில்லை. மண்டியிட்டார், அந்த வயதில். ஒரு கையைச் சுவரில் வைத்தபடி ஊர்ந்து வந்து கட்டிலுக்கு அடியில் துழாவினார். பிறகு சுவரோடு சுவராக வந்து என் கணுக்காலைப் பிடித்தார்.

"ஏன் பதில் சொல்லல?"

பிடியை விடவில்லை. கோபமில்லை, பயம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இருக்கேங்க" என்றேன்.

"இருந்தா சொல்லணும்ல? சண்டையில சத்தம் போட்டா நாம செத்தோம். இங்க சத்தம் போடலைன்னா அவங்க செத்தாங்க. அது எனக்குப் புரியறதுக்குள்ள..."

கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். (அப்படியானால் எல்லோருமே ஜன்னல் வழியே தப்பிவிடவில்லையோ? கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.)

5

முடிவு ஒன்று: அண்ணன் இதைப் படித்துவிட்டுக் கண்கலங்கி— (நம்பாதீர்கள். அவன் பாதியில் மூடிவைக்கிற ஆள்.)

முடிவு இரண்டு: அப்பா கட்டிலுக்கடியில் ஊர்ந்தார் என்று நான் எழுதியதையே காட்டி அழைத்துப் போய்விடுகிறான். "அப்ப அந்த எடத்த எடுத்துடுங்களேன்" என்று மகள் கெஞ்சினாள். எடுக்க மனம் வரவில்லை. இதில் நான் கண்ணால் பார்த்தது அது ஒன்றுதான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமையை உங்களிடம் விடுகிறேன். அண்ணன் பெட்டியோடு கூடத்தில் நிற்கிறான். அவர் இந்தக் கதையின் கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறார். உள்ளே இருப்பது நீங்கள்தான். இவ்வளவு நேரமும் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்தீர்கள். பதில் வராவிட்டால் மண்டியிடுவார். மண்டியிட்டால் அண்ணன் பார்ப்பான்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"