மூன்று பேர் சொன்ன ஒரே சாவு

டாக்டர் பட்டம் வாங்க வருகிறவர்களுக்கு முதலில் வாயை மூடக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது பேராசிரியர் நிர்மலாதேவியின் கட்சி. குடும்பத் தொழில்களை ஆராயப் போகும் ஆறு மாணவர்களை மலாக்கா டவுனில் ஒரு சங்கக் கட்டடத்தின் மாடியில் உட்காரவைத்து, தொண்ணூற்றாறாம் ஆண்டு முழுக்கச் சனிக்கிழமைதோறும் இதையேதான் அரைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரே சம்பவத்தை எல்லோரிடமும் கேளுங்கள். கேட்டதைப் பெயர் மாற்றி இந்த அறையில் பேசுங்கள். போகும்போது பேசியதை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள்.

ஆறு பேரில் தாரணி கெட்டிக்காரி. ஜாசின் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவர்களின் மகள், அந்த லயத்து வீடுகளிலிருந்து இவ்வளவு தூரம் படித்த முதல் ஆள். ஊமையைக்கூடப் பேசவைத்துவிடுவாள் என்று கூடப் படித்தவர்கள் சொல்வார்கள். அவளும் அதை ஒன்றும் மறுத்ததில்லை. பேசவைக்கத் தெரிந்தவளுக்குப் பேசாமல் இருக்கத் தெரியவில்லை. அந்த வருஷம் ஓர் உயிர் அவள் வாயை மூடியிருப்பதை நம்பித்தான் இருந்தது. பாவம், அவளுக்குத் தெரியாது.

பயிற்சிக்கு அவள் பிடித்தது செலண்டாரில் லாரி வைத்திருக்கும் தங்கராஜுவின் குடும்பம். எஸ்டேட்டுகளில் செம்பனைக் குலைகளை ஏற்றி எண்ணெய் மில்லில் கொண்டுபோய் இறக்குவது தொழில். கிழவர் பெயருக்கு முதலாளி. நிர்வாகம் எல்லாம் மகன் திருச்செல்வத்தின் கையில். டிரைவர்களுக்குச் சோறாக்குவது கிழவரின் மனைவி மீனம்மா. ஆபீஸ் சுவரில் ஓர் இளம்பெண்ணின் படம், சந்தனப் பொட்டும் மல்லிகை மாலையுமாக, கீழே சின்ன விளக்கோடு தொங்கியது. மகள் பாக்கியலட்சுமி. அந்த மாலையைக் காலைதோறும் மீனம்மாதான் மாற்றுவாள். வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

கிழவர் பேசத் தொடங்கினாலே மகளிடம்தான் போய் நிற்பார். புது லாரி வந்தால் முதல் சாவியை அவள்தான் திருப்ப வேண்டுமாம். செருப்பைக் கழற்றிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்காருவாளாம். சாவியைத் திருப்புவதற்கு முன்னால், "அப்பா, பாதை விடுங்க" என்று கத்துவாளாம். கிழவர் தாமே முன்னால் போய் நின்று, பிறகு விலகி வழிவிடுவாராம். அவள் போனபின் அவர் புது லாரியே வாங்கவில்லை. பழைய வண்டியாகத்தான் வாங்கிப் போட்டார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தாரணிக்கும் அழுகை வந்துவிட்டது.

திருச்செல்வம் வேறு தினுசு. குரலை உயர்த்தவே மாட்டான். ஆனால் அவன் ஆபீசுக்குள் வந்தால் டிரைவர்கள் சிகரெட்டை அணைத்துவிட்டு ஏதாவது வேலையைத் தேடுவார்கள். தாரணியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான், அவன் கையாலேயே மைலோ கலக்கிக் கொடுப்பான். அவனிடமும் அவள் அதே கேள்வியைக் கேட்டாள். தங்கை தங்களிடம் ஓட்டிக்கொண்டிருந்த டிரைவரோடு போய்விட்டாள் என்றான். வேறு சாதிப் பையன். ஆறு மாதத்தில் மெர்லிமாவ் ரோட்டில் அவன் மோட்டார் சைக்கிளை ஏதோ லாரி இடித்துவிட்டது. டீசல் விலையைச் சொல்வதுபோலச் சொன்னான்.

"அப்புறம் இவளும் மருந்து குடிச்சிட்டா. ஜொகூர்ல எரிச்சிட்டாங்க. நாம ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல தங்கச்சி, மேல இருக்கிறவனே பார்த்துக்கிட்டான்."

மீனம்மா நின்றுகொண்டேதான் பதில் சொன்னாள். மருந்து குடித்துவிட்டாள், ஜொகூரில் எரித்துவிட்டார்கள், அவள் கதையை விட்டுவிடு என்றாள். அவ்வளவுதான். கிழவரும் இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருந்தார். மூன்று பேரும் ஒன்றையே சொன்னதால் தாரணி குடும்ப வரைபடத்தில் பாக்கியலட்சுமியின் வட்டத்தின் மேல் நிம்மதியாக ஒரு பெருக்கல் குறி போட்டாள். இறந்தவர்களுக்கு அப்படித்தான் போட வேண்டும்.

சனிக்கிழமை அந்த வரைபடத்தை நிர்மலாதேவி வெகுநேரம் பார்த்தார். மூன்று பேருமே ஒரே வார்த்தைகளில் சொன்னார்களா என்று கேட்டார். ஆமாம் என்றாள் தாரணி, கொஞ்சம் பெருமையாகவே.

"ஒரு கல்யாணத்த மூணு பேரு மூணு விதமாத்தான் சொல்லுவாங்க. சாவ மட்டும் எப்படிலா ஒரே மாதிரி சொல்றாங்க? யார் கண்ணால பார்த்தது? மொதல்ல சொன்னது யாரு? கேட்டியா?"

கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, பிணத்தை யார் பார்த்தீர்கள் என்று நம்மவர்கள் யாராவது கேட்பார்களா? வெளியார் யாராவது ஆராய வந்திருந்தால் கூச்சமில்லாமல் கேட்டிருப்பார்கள், விஷயம் அன்றைக்கே வெளியில் வந்திருக்கும். தாரணிக்கு அந்த மாலையின் அர்த்தம் தெரியும். தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

அடுத்த வாரம் தினேஸ்வரனின் முறை. அவன் பிடித்திருந்தது இருப்பதிலேயே சின்னக் குடும்பத் தொழில். புலாவ் செபாங்கில் ஒரு மாமியாரும் மருமகளும் வீட்டில் இடியப்பம் பிழிந்து கடைகளுக்குப் போடுகிறார்கள். எழுத்தில் பெயரை மாற்றியிருந்தான். ஒலிநாடாவில் குரலை மாற்ற முடியுமா? நாடாவில் மருமகள் பேசினாள். தனக்கு அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாருமே உயிரோடு இல்லை என்றாள். தொழில் என்றால் முதலில் என்ன நினைவுக்கு வருகிறது என்று தினேஸ்வரன் கேட்டான். அந்தக் குரல் சிரித்தது.

"புது லாரி. செருப்ப கழட்டிட்டு ஏறி உக்காருவேன். அப்பா, பாதை விடுங்கன்னு கத்துவேன். அவரு வேணும்னே நகர மாட்டாரு."

தாரணிக்கு அது கிழவர் சொன்ன கதை என்று உடனே பிடிபட்டது. வகுப்பு முடிந்து கீழே கடையில் தே தாரிக் குடிக்கும்போது தினேஸ்வரனைப் பிடித்துக்கொண்டாள். அவனும் நல்ல பையன்தான், ஆனால் வெளியே பேசக் கூடாது என்ற விதியை மாடியிலேயே விட்டுவிட்டு இறங்கியிருந்தான். புருஷன் லாரி டிரைவராம், லாரி இடித்துச் செத்தானாம். ஜொகூரில் இருந்துவிட்டு போன வருஷம்தான் இந்தப் பக்கம் வந்தார்களாம். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் பச்சை கேட் போட்ட வீடு. அவன் சொல்லிக்கொண்டே போனான், அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நிர்மலாதேவி படி இறங்கி வந்தவர் தாரணியின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். தனியாகக் கூப்பிட்டு, என்ன தெரிந்துகொண்டாய் என்று கேட்காமலே சொன்னார்.

"தெரிஞ்சது உன்னோடயே இருக்கட்டும். ஒரு குடும்பம் ஏன் பிரிஞ்சிச்சுன்னு முழுசா தெரியாம ஒட்டவைக்கப் போயிடாத. அது நம்ம வேல இல்ல, தாரணி."

சரி மேடம் என்றாள். ஒரு வாரம் தாக்குப்பிடித்தாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கண்ணை மூடினால் துண்டால் முகத்தை மூடிய கிழவர். உயிரோடு இருக்கும் மகளை நினைத்து ஒரு தகப்பன் அழுதுகொண்டிருக்க, விதியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது பாவம் என்று பட்டது. நல்ல மனசு. அந்த நல்ல மனசைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. புருஷனை இடித்த லாரியைப் பற்றி இரண்டு பேர் வாயாலும் கேட்டவள், அதை ஒரு நிமிஷம் நிறுத்தி யோசித்திருக்கலாம்.

செலண்டாரில் கிழவர் ஆபீசில் இருந்தார். எதிர் மேசையில் திருச்செல்வம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். உங்களோடு தனியாகப் பேச வேண்டும் ஐயா என்றாள். என் மகனுக்குத் தெரியாமல் எனக்கென்னம்மா இருக்கிறது என்றார் கிழவர். அவளும் ஒரு கணம் தயங்கிவிட்டுச் சொல்லிவிட்டாள்.

"ஐயா, உங்க மக சாகல. புலாவ் செபாங்ல இருக்காங்க."

கிழவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். சிரித்தாரா அழுதாரா என்று சொல்ல முடியாது. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். திருச்செல்வம் மட்டும் அசையவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான். ஸ்டேஷன் பக்கமா என்று கேட்டான். ஆமாம் என்று அவள் சந்தோஷமாகப் பச்சை கேட்டைச் சொன்னாள். குழந்தை ஏதும் உண்டா என்று கேட்டான். நாலு வயதுப் பெண் என்றாள். அவன் தலையை ஆட்டினான், சாவியை எடுத்தான், வெளியே போனான். பிக்கப் கிளம்பும் சத்தம் கேட்டது. தங்கையைப் பார்க்க எப்படி ஓடுகிறான் பார் என்று தாரணிக்கு மனம் நிறைந்துவிட்டது.

கிழவர் போட்ட சத்தத்தில் மீனம்மா சமையல்கட்டிலிருந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டவள் மகள் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்கவில்லை. மகன் எங்கே என்றுதான் கேட்டாள். போய்விட்டான் என்றதும் சுவரிலிருந்த படத்தைக் காட்டினாள்.

"செத்தவள தேட மாட்டான்னுதான்ம்மா மால போட்டேன்" என்றாள் தாரணியிடம். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "மாப்பிள்ளைய இடிச்சது நம்ம லாரி. மறுநாள் விடியக்கால முன்பக்கத்த தண்ணி ஊத்திக் கழுவுனவ நான். அடுத்து உங்க மகன் இவளத்தான் தேடிக்கிட்டு இருந்தான். மருந்து குடிச்சிட்டான்னு நான்தான் கதை கட்டினேன். உங்ககிட்ட சொன்னா அவன்கிட்ட சொல்லிடுவீங்க."

கிழவர் அப்படியே நாற்காலியில் சரிந்தார். மூன்று சாட்சி என்று நினைத்தாளே, மூன்றும் ஒரே தாயின் வாயிலிருந்து கிளம்பியது என்று தாரணிக்கு அப்போதுதான் உறைத்தது. டெலிபோனை எடுத்தாள். இடியப்ப வீட்டில் டெலிபோன் கிடையாது. போலீசைக் கூப்பிட்டாள். என்ன கேஸ் என்று மலாயில் கேட்டார்கள். அண்ணன் தங்கையைப் பார்க்கப் போயிருக்கிறான் என்பதற்குமேல் அவளால் என்ன சொல்ல முடியும்? கழுவி வருஷக்கணக்கான லாரிக்கு அத்தாட்சி ஏது? சண்டை நடந்தால் கூப்பிடுங்கள் என்று வைத்துவிட்டார்கள்.

மீனம்மாவை ஏற்றிக்கொண்டு தன் கன்சில் காரை விரட்டினாள். முன்னால் செம்பனை லாரிகள் ஆமை வேகத்தில் போயின. பக்கத்தில் மீனம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால்கூடத் தாரணிக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பச்சை கேட்டுக்கு எதிரே மர நிழலில் பிக்கப் ஒழுங்காக நிறுத்தப்பட்டிருந்தது. உள்ளே திருச்செல்வம் தரையில் சம்மணம் போட்டு இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மடியில் குழந்தை. ஒரு வாய் அவன் தின்றான், ஒரு வாய் அதற்கு ஊட்டினான். மாமியார் முத்தாயி அடுப்பங்கரை வாசலில் கும்பிட்ட கையோடு நின்றாள். பாக்கியலட்சுமி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, அண்ணனின் விரல்கள் குழந்தையின் வாய்க்குப் போவதையும் வருவதையுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க தங்கச்சி, உக்காருங்க" என்றான் திருச்செல்வம். "பாப்பா மாமாகூட லாரி பார்க்க வர்றேங்குது."

மீனம்மா நேரே போய் வாசலை அடைத்துக்கொண்டு குறுக்கே உட்கார்ந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதாக இருந்தால் என் மேல் ஏறிப் போ என்பதை உட்கார்ந்த விதத்திலேயே சொன்னாள். அவன் அம்மாவைப் பார்த்தான். கோபமே இல்லாத முகம். குழந்தையை மெதுவாக இறக்கிவிட்டான்.

"எதுக்கும்மா பயப்படுற? இன்னைக்கே கூட்டிட்டுப் போகணும்னு என்ன இருக்கு. வீடுதான் தெரிஞ்சு போச்சே."

கை கழுவினான். குழந்தையின் தலையைத் தடவினான். உட்கார்ந்திருந்த அம்மாவை மிதிக்காமல் பத்திரமாகத் தாண்டிப் போனான். பிக்கப்பின் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

பாக்கியலட்சுமி தாரணியைப் பார்த்து, நீங்கள்தான் சொன்னீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் தாரணி. ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்பா அழுதார் என்று சொல்லியிருக்கலாம், அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. பாக்கியலட்சுமி அலமாரி மேலிருந்து பையை இறக்கிக் குழந்தையின் சட்டைகளை மடித்துவைக்கத் தொடங்கினாள். மீனம்மா பக்கத்தில் வந்து, எங்கேடி போவாய் என்றாள். திரும்ப ஜொகூருக்கே போய்விடு, நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன் என்றாள்.

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"என்ன சொல்லுவ? செத்துட்டேன்னு ஒரு தரம் சொல்லியாச்சு" என்றாள் பாக்கியலட்சுமி. "இனிமே நிஜமா செத்தாத்தாம்மா நம்புவான்."