புள்ளிக்கோட்டுக்குக் கீழே

ஒரு பெரிய மானியத்துக்கான முன்மொழிவோடு பேராசிரியர் துரைராசா அனுப்பியிருந்த படத்தைப் பிரேமினி கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். உச்சியில் ஒரு பெரிய கட்டம்: வெளிநாட்டுப் பல்கலைக்கழகம். அதன் கீழ் பேராசிரியரின் பல்கலைக்கழகம். அதற்கும் கீழ் கொழும்பில் ஓர் ஆய்வு நிறுவனம். அது என்ன செய்யப்போகிறது என்ற இடத்தில் 'ஒருங்கிணைப்பு' என்று போட்டிருந்தது. ஒன்றும் செய்யாதவர்களுக்கென்றே கண்டுபிடித்த சொல் அது. எல்லாவற்றுக்கும் அடியில், நேர்கோடு போடக்கூட மனமில்லாமல் புள்ளிபுள்ளியாக இழுத்துவிட்ட கோட்டின் முனையில், 'உள்ளூர்க் களப்பணி, கொட்டகலை' என்று ஒரு சின்னக் கட்டம் தொங்கியது. அதுதான் இவர்கள். பெயர்கூட இல்லை.

"பெரிய கங்காணி, நடுக் கங்காணி, சில்லறைக் கங்காணி," என்றாள் பிரேமினி. "கப்பலேத்தி ஆள் புடிச்ச காலத்துல இருந்து இவங்களுக்கு வேற படமே வரையத் தெரியலைங்க."

எதிர் மேசையில் இருந்த சிப்னாஸ் சிரித்தார். கீழே அவருடைய வாப்பா ஜமால்தீனின் இரும்புக்கடை. மேல்மாடியின் இரண்டு அறைகளில் அவர்களுடைய நீர் ஆய்வு மையம். தண்ணீரைப் பரிசோதிப்பது பிரேமினி. கணக்கு வழக்கும் கடிதமும் சிப்னாஸ். தேயிலைக்கு அடிக்கிற களைகொல்லி தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்துக் குடிதண்ணீரில் எவ்வளவு இறங்குகிறது என்று மூன்று வருடமாக இரண்டு பேரும் பார்த்து வந்தார்கள்.

அதற்கு முன்னால் வேறோர் ஆய்வாளர் கூட்டம் அந்த லயங்களுக்கு வந்து போயிருந்தது. மலை ஊற்று வந்து விழும் பீலிகளில் தண்ணீர் பிடித்தார்கள், பிள்ளைகளிடம் சிறுநீர் வாங்கினார்கள், ஆளுக்கொரு பிஸ்கட் பக்கெட் கொடுத்துவிட்டுப் போனார்கள். முடிவை எங்கோ ஹோட்டல் மண்டபத்தில் மேடை போட்டுப் பேசினார்களாம். லயத்துக்கு ஒரு கடுதாசிகூட வரவில்லை. ஆகவே பிரேமினி போத்தல்களோடு போனபோது, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் தனபாக்கியம் என்ற கொழுந்து பறிக்கும் பெண் எழுந்து நின்று சொன்னாள்: "தண்ணி நாங்களே புடிச்சித் தாறோம். ஆனா முடிவு மொதல்ல எங்களுக்குத் தெரியணும். அப்பறந்தான் ஒலகத்துக்கு." பிரேமினி அத்தனை பேர் முன்னாலும் சரி என்றாள். பெரட்டில் கொடுத்த வாக்கைத் தின்றுவிட்டு அந்தத் தோட்டத்துப் பாதையில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அவளே அப்படியொரு லயத்தில் பிறந்தவள்.

இந்தப் படம் அந்த வாக்கைத்தான் விழுங்கப் பார்த்தது. துணை மானியம் என்றால் பெரிய மானியத்தில் ஒரு பங்கு ஒப்பந்தத்தோடு வரும். அந்தப் பங்கு வேலைக்கு வாங்குகிறவர்களே பொறுப்பு. முடிவுகளிலும் அவர்களுக்கு உரிமை உண்டு. புள்ளிக்கோடு அப்படியல்ல. அதற்குச் 'சேவை வழங்குநர்' என்று பெயர். வெள்ளைச் சட்டை போட்ட கூலி. போத்தலை நிரப்பிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

ஏப்ரலில் பேராசிரியர் 'கள விஜயம்' வந்தார். நுவரெலியாவில் பூக்கண்காட்சி நடக்கும் வாரமாகப் பார்த்து வந்தது அந்தக் கள விஜயம். வேனில் குடும்பம் ஸ்ட்ரோபெரி தின்றுகொண்டிருக்க, அவர் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தார்.

"இஞ்சை நல்ல குளிர் பிள்ளை," என்றபடி உட்கார்ந்தார்.

தேநீர் கொடுத்துவிட்டுப் பிரேமினி நேராகக் கேட்டாள். "சேர், எங்க கட்டத்துக்கு மட்டும் ஏன் புள்ளிக்கோடு?"

"அது சும்மா ஒரு படம்தானே. துணை மானியம் எண்டால் ஒப்பந்தம், கணக்காய்வு, அறிக்கை எண்டு ஆயிரம் சோலி. உங்களுக்கேன் பிள்ளை இந்தத் தலையிடியெல்லாம்? நாங்கள் பார்த்துக்கொள்ளுவம். நீங்கள் தண்ணியை எடுத்துத் தந்தால் காணும்."

"முடிவ லயத்துக்கு யாருங்க சொல்லுவா?"

"நாங்கள் சொல்லாமல் விடுவமே? எங்களிலை நம்பிக்கை இல்லையோ?"

"நம்பிக்கை இருக்குங்க சேர். ஆனா ஒங்க நல்ல மனச மட்டும் நம்பி நான் பெரட்டுல போயி நிக்க முடியாது. எழுத்துல இருக்கணும்."

கணக்கைப் பிழையாகச் செய்த பிள்ளையைப் பார்ப்பதுபோல அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "வேணுமெண்டால் உம்மைக் களப் பொறுப்பாளர் எண்டு போட்டுவிடுறன். மாதச் சம்பளமும் வரும்."

ஆளைப் பார்த்து ஆசை காட்டுகிறார். மையத்துக்கு இடம் கிடையாதாம், அவளுக்கு மட்டும் ஒரு கங்காணி வேலை உண்டாம். பிரேமினிக்கு அது நன்றாகவே புரிந்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"அப்ப ஒங்க முன்மொழிவுல நாலாம் பகுதிய எடுத்துருங்க சேர். அது முழுக்க எங்க தண்ணி முடிவு."

பேராசிரியர் கோப்பையைக் கீழே வைத்தார். நாலாம் பகுதி இல்லாவிட்டால், இந்த மலையில் இந்த வேலையைச் செய்ய உங்களால் முடியுமா என்று கேட்கிற மானியக்காரனுக்குக் காட்ட அவரிடம் ஸ்ட்ரோபெரியைத் தவிர வேறொன்றும் இல்லை. அது அவருக்கும் தெரியும். சன்னல் வழியாக வேனைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"சரி," என்றார் கடைசியில். "உங்கடை வேலைத்திட்டம், பாதீடு, நிறுவனக் கடிதம் மூண்டையும் வெள்ளிக்கிழமைக்கிடையிலை அனுப்புங்கோ. கோட்டை நேராக்கிவிடுறன். முடிவு முதல்லை லயத்துக்கு எண்டதையும் நீங்களே எழுதிவிடுங்கோ."

சொன்னபடி புதுப் படமும் வந்தது. நேர்கோடு, மையத்தின் முழுப் பெயர். பிரேமினி அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினாள். அந்த வாரம் முழுக்க அவளுக்குக் கால் தரையில் படவில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "உங்களுக்கேன் பிள்ளை இந்தத் தலையிடியெல்லாம்," என்று பேராசிரியரைப் போலவே பேசிக் காட்டுவாள். சிப்னாஸ் ஒவ்வொரு தடவையும் சிரித்தார். ஜமால்தீன்கூடக் கீழேயிருந்து ஒருமுறை, என்ன அங்கே கூத்து என்று கேட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போய்ப் போய் வந்தது. வேலைத்திட்டம் முடிந்துவிட்டது, கடிதமும் தயார். பாதீட்டின் வரவுசெலவுக் கணக்கைச் சிப்னாஸ் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு விஷயம் பாக்கி ஈக்கிது," என்றார். "மூணு தோட்டத்துத் தண்ணிக் குழு. தனபாக்கியம் அக்காட ஆக்கள். அவங்கள எங்க போடுறது?"

அந்தப் பெண்கள்தான் விடியலில், பெரட்டுக்கு முன்னால், பீலியில் தண்ணீர் பிடிப்பவர்கள். தேயிலைக்கு மருந்து அடித்த நாளைக் குறித்து வைப்பதும் அவர்கள்தான். மூன்று குழுவும் பதிவு செய்த குழுக்கள். தலைவி, செயலாளர், வங்கிப் புத்தகம் எல்லாம் இருந்தன.

பிரேமினி கடிதத்தில் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"சேவை வழங்குநர்னு போட்டுருங்க. நமக்குக் கீழ துணை மானியம்னா ஒப்பந்தம், கணக்கு, அறிக்கைன்னு ஆயிரம் வேல. அவங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலியெல்லாம்? நாம பாத்துக்கலாம்."

தட்டச்சுச் சத்தம் நின்றது.

"சரி கங்காணியம்மா," என்றார் சிப்னாஸ். "கோட்டப் புள்ளி புள்ளியாப் போடவா?"

பிரேமினி நிமிர்ந்தாள். முகம் சுட்டது. அவர்மேல் கோபப்பட்டுப் பார்த்தாள், கோபம் நிற்கவில்லை. பிறகு நியாயங்கள் வந்தன. நாளைக்குக் கடைசி நாள். அந்தப் பெண்களால் கணக்காய்வுக்கு முகம் கொடுக்க முடியுமா? முடிவை அவர்களுக்குச் சொல்லாமல் விட்டுவிடுவோமா என்ன? எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா? ஒவ்வொன்றும் வரிசை தப்பாமல் வந்தது. இவற்றையெல்லாம் ஒரு வாரமாகப் பேசிக் காட்டிக் காட்டியே மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். ஒரு நேர்கோடு கிடைத்து ஒரு வாரத்துக்குள்ளேயே தனக்குக் கீழே புள்ளி வைக்கக் கை தானாகப் போயிருக்கிறது. தன்னைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"வேணாம்," என்றாள். "மூணு குழு பேரையும் முழுசா போடுங்க. தனித்தனி வேலைத்திட்டம், தனித்தனி பங்கு. முடிவு மொதல்ல அவங்களுக்குங்கிறதும் அவங்க பேருலயே இருக்கணும், நம்ம பேருல இல்ல. நாளைக்கு விடியப் பெரட்டுக்குப் போயி வாசிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கலாம்."

"அவங்க நாலு நாள் யோசிக்கணும்னு சொன்னா? நாளைக்கு அனுப்பாட்டி நம்ம கட்டமும் சேந்து போகும்."

பிரேமினி சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். அந்த நேர்கோட்டுக்காக ஒரு பேராசிரியரோடு மல்லுக்கு நின்றிருந்தாள். பெரட்டில் காட்டவென்று எழுந்துபோய் அதைக் கிழியாமல் உரித்தெடுத்தாள்.

"போகட்டுங்க," என்றாள். "விடியப் போக வாப்பாகிட்ட கடை வேனக் கேட்டு வைங்க."