நாத்தனார் வீட்டு மூங்கில்

எங்கள் தோட்டத்து மூங்கில் பூத்தபோது சந்தோஷப்பட்ட முட்டாள் நான்தான். துணி காயப்போட வந்தவள், கிளை நுனிகளில் வைக்கோல் நிறத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டு, "என்னங்க, மூங்கில் பூத்திருக்கு, வந்து பாருங்க!" என்று கூவினேன். பாதி செதுக்கிய நாற்காலிக் காலோடு வந்தவர், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பூத்தா செத்துடும்டி" என்றார்.

என் வீட்டுக்காரர் மூங்கில் நாற்காலி செய்கிறவர். எங்களுடையது உள்ளே துளையே இல்லாத கெட்டி மூங்கில். எப்பேர்ப்பட்ட ஆள் உட்கார்ந்தாலும் முனகாது. கடைக்காரர்கள் எங்கள் நாற்காலியைத் தேடி வந்ததே அதற்காகத்தான். அந்தப் பெருமை இவர் தலைக்கு ஏறியதுதான் வினை. முன்பு தோட்டத்தில் வேறு ரக மூங்கில்களும் இருந்தன. "சீ, இதெல்லாம் ஒரு மூங்கிலா?" என்று அத்தனையையும் வேரோடு பிடுங்கிவிட்டு, வேலி ஓரம் முழுக்க ஒரே தூரிலிருந்து கன்று பிரித்து நட்டார். நானும்தான் கூடவே குழி தோண்டினேன்.

இப்போது வேலி ஓரம் முழுக்கச் சேர்ந்து பூத்தது, சேர்ந்து காய்ந்தது. ஏணி வைத்து ஏறிப் பூங்கொத்துகளை வெட்டிப் பார்த்தார். வெட்டிய இடத்திலேயே மறுபடி பூத்து, அரிசி போல விதை உதிர்ந்தது. எலிகளுக்குக் கொண்டாட்டம். அவை விட்டுவைத்ததைப் பொறுக்கித் தொட்டியில் போட்டேன். புல்லாக முளைத்தது.

"இது நாற்காலிக் காலாகறதுக்குள்ள நம்மள நாலு பேரு தூக்கிட்டுப் போயிருப்பாங்க" என்றார். சிரிக்கச் சொன்னதாகத் தெரியவில்லை. பட்டறைக்குப் போவதையே விட்டுவிட்டார்.

அப்போதுதான் நாத்தனார் ஞாபகம் வந்தது. அவள் தனிக்குடித்தனம் போனபோது அண்ணன்காரர் கொடுத்த பரிசு, எங்கள் தூரிலிருந்து பிரித்த ஒரு கன்று. ஒரு மிக்ஸி வாங்கிக் கொடுத்தால் குறைந்தா போய்விடுவார் என்று நான்கூட முணுமுணுத்தேன்.

"அவ வீட்டு மூங்கிலுக்குச் சின்ன வயசுதானேங்க? அதுலேர்ந்து ஒரு கன்னு எடுத்துட்டு வந்துடலாம்."

ரொம்ப நாளைக்குப் பிறகு மனிதர் முகத்தில் உயிர் வந்தது. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டார். கடப்பாரையும் ஈரச் சாக்குமாக பஸ் ஏறினோம். வழியெல்லாம் எங்கே நடுவது, எப்படி நீர் விடுவது என்று ஓயாத பேச்சு. எனக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது.

நாத்தனார் வாசலுக்கே ஓடி வந்தாள்.

"வாங்கண்ணா, வாங்க அண்ணி! நானே போன் பண்ணணும்னு இருந்தேன், அதுக்குள்ள உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் தோளுக்குப் பின்னால், வீட்டுப் பக்கவாட்டில், மூங்கில் மொட்டையாக நின்றது. அதே வைக்கோல் நிறக் கொத்துகள். எங்கே கொண்டுபோய் நட்டாலும் தாயின் வயசுதான் கன்றுக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் கடப்பாரையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அவள் என் கையிலிருந்த சாக்கை ஆசையாக வாங்கிப் பிரித்தாள். உள்ளே பார்த்தாள். உதறியும் பார்த்தாள்.

"எங்கேண்ணா கன்னு?" என்றாள்.