நோகாத கால்

தர்சினிக்கு இடது காலில் ஒரு நோவும் இல்லை. நோகிறது என்று சொல்லி ஒரு கிழமையாகிறது.

பாலே குழு டோக்கியோ போகிறது என்று அறிவித்த அன்று எல்லாரையும் கடவுச்சீட்டு கொண்டுவரச் சொன்னார்கள். அவளிடம் அது இல்லை. ஒன்பது வயதில் அகதியாகப் படகில் வந்தவள், இன்றைக்கும் பிரிட்ஜிங் விசாதான், முடிவு வரும்வரை தங்கவிடுகிற தற்காலிக விசா. வெளியே போனால் திரும்பி வர விடமாட்டார்கள். சேரும்போது வேலை செய்ய உரிமை உண்டா என்று பார்த்த குழுவின் அலுவலகம் அதற்குமேல் கேட்கவில்லை. கூட ஆடுகிறவர்களுக்கும் இயக்குநர் ஹெலனுக்கும் ஒன்றும் தெரியாது.

யோசனை சொன்னது அப்பா கிருபானந்தன். கட்டட வேலையில் கொங்கிறீற் போடுகிறவர்.

"கால் நோ எண்டு சொல்லு பிள்ளை. படகில வந்தனாங்கள் எண்டு தெரிஞ்சா, பிறகு உன்ர ஆட்டத்தைப் பாக்கமாட்டாங்கள். உன்னைத்தான் பாப்பாங்கள்."

அவருடைய வேலையில் அது செல்லும். முதுகு நோ என்றால் மேற்பார்வையாளன் முகத்தைச் சுளித்து வீட்டுக்கு அனுப்புவான், அடுத்த கிழமை மறந்துவிடுவான். பாலே அப்படியில்லை. கால்விரல் நகம் கழன்றாலும் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு ஆடுகிற கூட்டம் அது. அங்கே ஒருத்தி வாய்திறந்து நோ என்றால் எலும்பு போய்விட்டது என்றுதான் அர்த்தம். குழுவின் பிசியோதெரபிஸ்ட் உடனே பயிற்சியை நிறுத்தி, முழங்கால்வரை வரும் பிளாஸ்டிக் சப்பாத்தை மாட்டிவிட்டாள். திங்கட்கிழமை ஸ்கான். டோக்கியோவுக்குப் பிறகு மெல்பர்னில் தர்சினி தனியாக ஆடவிருந்த பகுதியை எல்லா என்ற இன்னொரு ஆட்டக்காரி பழகத் தொடங்கினாள். தர்சினிக்குக் கிடைத்த முதல் தனி ஆட்டம் அது.

ஞாயிறு காலை அம்மா கனகேஸ்வரி குசினியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பெட்டியைக் காலில கட்டிக்கொண்டு என்ர குசினிக்க நிக்காத. இஞ்ச ஆரும் உன்னை ஸ்கான் எடுக்கிறேல்லை."

"ஸ்கானில ஒண்டும் இல்லையெண்டா நல்லதுதானே?" என்றார் அப்பா.

"ஒண்டும் இல்லையெண்டா நான் பொய்க்காரி. பழைய காயம் ஏதும் தெரிஞ்சா மெல்பர்ன் இல்லை. நாளைக்கு ஹெலனிட்டப் போய் உண்மையைச் சொல்லப்போறன்" என்றாள் தர்சினி.

அப்பா தோசையைப் பிய்த்தபடியே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

"சொல்லு. அழாத. அழுதா பாவம் பாப்பாங்கள். பாவம் பாத்து ஆரும் பெரிய வேலை குடுக்கிறேல்லை."

மறுநாள் ஹெலனின் முன்னால் அவள் அழவில்லை. படகு, விசா, பொய் எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள்.

"டோக்கியோ விஷயம் விளங்குகிறது. அறிவித்த அன்றே சொல்லியிருந்தால் வேறு ஆளைப் போட்டுவிட்டு உன்னை மெல்பர்னுக்கு வைத்திருப்பேன்" என்றாள் ஹெலன். "ஆனால் உன்னைத் தலைக்குமேல் தூக்குகிறவன் நீ சொல்வதை நம்பித்தான் தூக்குகிறான். நோகிறது என்றால் நோக வேண்டும், இல்லை என்றால் இல்லை. இனி நீ சொல்வதை அவன் எப்படி நம்புவான்? மெல்பர்னில் எல்லா ஆடட்டும். நீ பின்வரிசையில் மற்றவர்களோடு நில்."

மத்தியானம் அப்பா வேலையிடத்திலிருந்து போன் எடுத்தார். பின்னால் கொங்கிறீற் லொறி உறுமியது.

"விசாவுக்கு என்ன சொன்னவை?"

"அதுக்கு ஒண்டும் சொல்லேல்லை அப்பா. காலைப் பற்றித்தான் கதைச்சவை."

அவர் நடந்து விலக, லொறிச் சத்தம் குறைந்தது.

"வேலை இருக்குத்தானே?"

"ஓம், இருக்கு."

அவருக்கு அது போதும். அவளுக்குப் போதாது. அதைச் சொல்லாமல் போனை வைத்துவிட்டுப் பயிற்சி அறைக்குள் போனாள். எல்லா நடுவில் நின்று தனி ஆட்டத்தைத் தொடங்க, தர்சினி பின்வரிசையில் தன் இடத்தில் போய் நின்றாள்.