கூரைக்குள் ஓடுகிற பிள்ளைக்கு ஒரு கட்டி வெல்லம்

1

இந்தக் கதை எனக்கு டவுன் பஸ்ஸில் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. எங்கே பிடித்தாய் என்று பிறகு யாரும் கேட்க வேண்டாம்.

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருக்கோகர்ணத்தில் ஏறினேன். பக்கத்து இருக்கையில் ஒரு பெண். நாற்பதைத் தாண்டியிருப்பாள். ஒரு கையில் கைப்பேசி. மடியில் வாழையிலைத் துண்டு, அதில் உடைத்த வெல்லம். நான் உட்கார்ந்ததும் ஒரு சில்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

எங்கள் பக்கம் ஒருத்தி இப்படி வெல்லம் கொடுத்தால் என்ன கேட்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். நானும் கேட்டேன்.

"என்னத்தா காணாமப் போச்சு?"

அவள் கைப்பேசியை என் பக்கம் கொஞ்சம் சாய்த்தாள். கூரை போட்ட பெரிய கட்டடம். உள்ளே சிவப்புத் தரையில் வெள்ளைக் கோடுகள். பெண் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள்.

நடந்தது அவ்வளவுதான். இன்னும் ஒன்று நடந்தது, அதைக் கடைசிக்கு எடுத்து வைத்திருக்கிறேன். மிச்சமெல்லாம் நான் கட்டியது. அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. செவந்தி என்று வைத்துக்கொள்கிறேன்.

(வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளை நாங்கள் அரைக்காசு அம்மன் என்போம். பொருள் தொலைந்தால் ஒரு கட்டி வெல்லத்தைத் தனியாக எடுத்து வைத்து அவளிடம் சொல்லிவிட வேண்டும். கிடைத்ததும் அந்த வெல்லத்தை அவளுக்குப் படைத்து நாலு பேருக்குக் கொடுக்க வேண்டும். கம்மல், சாவி, ரேஷன் கார்டு, எதுவானாலும் தேடித் தருவாள். ஆளைத் தேடித் தருவாளா என்பதில்தான் இந்தக் கதை மாட்டிக்கொண்டிருக்கிறது.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"இங்கிலாந்தின் பனி படர்ந்த நகரம் ஒன்றில் இளமதி என்னும் இளம் வீராங்கனை..."

நிறுத்திவிட்டேன். நான் பனியைப் பார்த்ததில்லை. மார்கழிக் காலையில் வைக்கோல்போர் மேல் படிவதுதான் எனக்குத் தெரிந்த பனி. அதை வைத்துக்கொண்டு ஒரு நகரத்தை மூட முடியாது.

அப்புறம் இப்படி: "செவந்தி ஒரு தாய்." இதையும் அடித்தேன். பெற்ற தாய் என்றால் இந்நேரம் பிள்ளையோடு அங்கேயல்லவா இருப்பாள்? பஸ்ஸில் அவள் விரல் அந்தத் திரையைத் தடவியதை நான் பார்த்தேன். என்னுடையது என்று அழுத்திச் சொல்ல முடியாத விரல் அது. அதனால் அவளைப் பெற்றவளின் தங்கை ஆக்கினேன். எங்கள் பேச்சில் சின்னாத்தா.

செவந்தியின் அக்கா அமுதவல்லி, நர்ஸ். அவளுக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தபோது இளமதிக்குப் பல் முளைக்கவில்லை. "ஒரு வருசம் பாத்துக்க செவந்தி, அங்க வீடு வாசல்னு அமைஞ்சதும் கூப்பிட்டுக்கிறேன்" என்று கொடுத்துவிட்டுப் போனாள். வீடும் வாசலும் அமைய ஆறு வருடம் ஆனது. அத்தனை நாளும் அந்தப் பிள்ளை செவந்தியின் இடுப்பிலும், இடுப்பை விட்டு இறங்கிய பிறகு சுண்டுவிரலிலும் தொங்கிக்கொண்டு வளர்ந்தது. ஒன்றாம் வகுப்பு முடிந்த லீவில் வந்து கூட்டிப் போனார்கள். இதில் யார்மேலும் தப்பில்லை. பெற்றவள் தன் பிள்ளையைக் கூட்டிப் போகிறாள், அதற்குப் போய் அழுதால் நன்றாகவா இருக்கும்? செவந்தி அழவில்லை. பஸ் ஸ்டாண்டுவரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இப்போது இளமதிக்குப் பதினேழு வயது. அங்கே தடை ஓட்டம் ஓடுகிறாள். தை, மாசியில் அந்த நாட்டில் வெளியே ஓட முடியாதாம், கூரைக்குள் ஓடுவார்கள். அறுபது மீட்டர், குறுக்கே ஐந்து தடைகள். நம்மூர்ப் பிள்ளைகள் பேச்சில் ஹர்டில்ஸ்.

பொங்கலன்று அமுதவல்லி பேசினாள்.

"ஏப்ரல் லீவுக்கு வரலாம்னு இருக்கோம் செவந்தி. ஆனா டிக்கெட் போடல. மாசியில பைனல் இருக்கு. மொத மூணு பேருக்குள்ள வந்துட்டாள்னா லீவு பூரா பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டுருவாங்க. வரலைன்னா ஊருக்கு வந்துருவோம்."

"அடுத்த வருசம்க்கா?"

"அடுத்த வருசம் பெரிய பரிச்சை. அதுக்கப்புறம் காலேஜ். அது எங்கிட்டுப் போகுதோ."

போனை வைத்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்து அடங்கியிருந்தது. பானையில் போட்டது போக வெல்லம் ஒரு கட்டி மீந்திருந்தது. செவந்தி அதைத் தாளில் சுற்றினாள். "அம்மா, எனக்குத் தொலைஞ்சது ஒண்ணு இருக்கு. கொண்டாந்து குடு" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

3

அவளுக்குக் கீழ ராஜ வீதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. முதலாளி ரெங்கராஜ். பாதி நேரம் கடையில்தான் இருக்கிறோம் என்று வெல்லத்தையும் அங்கேயே மேசை டிராயரில் வைத்திருந்தாள்.

"சுகருக்கு மாத்திரை விக்கிற கடையில வெல்லத்த ஒளிச்சு வச்சிருக்கியே, வர்றவங்க பார்த்தா வியாபாரத்துக்கு நாமளே ஏற்பாடு பண்றோம்னு நெனைக்கப் போறாங்க" என்றார் ரெங்கராஜ்.

"அம்மனுக்குண்ணே."

"என்னத்தத் தொலைச்ச?"

"ஒண்ணு தொலைஞ்சிருச்சு, விடுங்களேன்."

முதல் போட்டி ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. அமுதவல்லி லிங்க் அனுப்பியிருந்தாள். செவந்தி கைப்பேசியை இருமல் மருந்துப் பாட்டிலில் சாய்த்து வைத்தாள். ரெங்கராஜ் எட்டிப் பார்த்தார்.

"என்ன, கட்டடத்துக்குள்ள ஓடுதுக? கல்யாண மண்டபமா?"

"வெளிய பனிண்ணே."

"நம்ம ஊர்ல வெயிலுக்கு ஒரு கூரை போட ஆளில்ல. எது நம்ம பிள்ளை?"

"குனிஞ்சு ஷூ லேசை உள்ள சொருகுது பாருங்க, அதுதான்."

முடிச்சுப் போட்டபின் லேசின் நுனிகளை ஓரத்தில் சொருகிவிட வேண்டும், இல்லாவிட்டால் மிதித்து விழுவாய் என்று ஸ்கூல் வேனுக்கு நிற்கும்போது சொல்லிக்கொடுத்தவள் செவந்தி.

(இந்த வரியை இரண்டு முறை அடித்தேன். கொஞ்சம் அதிகமாக இனிக்கிறது. ஆனால் இது இல்லாமல் எட்டுப் பிள்ளைகளில் இவளை உங்களுக்கு எப்படி அடையாளம் காட்டுவேன்? இருக்கட்டும்.)

வெடி வெடித்தது. முதல் தடையை இளமதி தாண்டினாள். இரண்டாவதில் பின்னால் வந்த கால் தட்டியது. தடை சாய்ந்தது, அவளும் சாய்ந்தாள். எழுந்து, மற்றவர்கள் முடித்து நின்ற பிறகு, நொண்டிக்கொண்டே போய்க் கோட்டைத் தொட்டாள்.

"அடடா!" என்றார் ரெங்கராஜ்.

செவந்தியும் அடடா என்றாள். ஆனால் அந்த அடடாவுக்குக் கீழே, தண்ணீருக்கடியில் மீன் திரும்பினாற்போல, ஒரு சந்தோஷம் திரும்பியது. ஏப்ரலில் வந்துவிடுவாள்.

அடுத்த நொடி அவள் கண் டிராயருக்குப் போனது.

4

அதற்குப் பிறகு வாராவாரம் ஓட்டம். வாராவாரம் அந்தப் பிள்ளை முன்னேறினாள். கடைசியில் வந்தவள் நடுவில் வந்தாள். நடுவில் வந்தவள் இரண்டாவதாக வந்து பைனலுக்குள் நுழைந்தாள். ஒவ்வொரு படி ஏறும்போதும் திருக்கோகர்ணத்தைவிட்டு ஒரு படி தூரமானாள். செவந்தி அக்காவுக்குக் கைதட்டும் படங்களாக அனுப்பினாள்.

ஆனால் இரண்டாவது தடை மட்டும் சரியாகவில்லை. எல்லா ஓட்டத்திலும் அங்கே வந்ததும் இளமதியின் கால் ஒரு கணம் தயங்கியது. பைனலுக்கு முந்தின வாரம் அவளே கூப்பிட்டாள். அவளுடைய தமிழ் ஆறு வயதிலேயே நின்றுபோன தமிழ். குரல் மட்டும் வளர்ந்திருந்தது.

"சின்னாத்தா, அந்த ரெண்டாவது ஹர்டில் வந்தா மட்டும் யாரோ காலப் புடிச்சு இழுக்குறாங்க."

"யாரு தாயி இழுக்கப் போறா?"

"கோச் சொல்றாரு, எல்லாம் தலைக்குள்ளதானாம். சின்னாத்தா, ஒண்ணு கேக்கவா? நான் தோத்தா ஒன்னையப் பாக்க வருவேன். ஜெயிச்சா வரமாட்டேன். நீ எதுக்குச் சாமி கும்புடுற?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். சிரிப்பு முடிந்த பிறகும் காத்திருந்தாள்.

"கடையில ஆளு நிக்குது தாயி. அப்புறமாப் பேசுறேன்."

கடையில் ஆள் யாரும் நிற்கவில்லை.

5

இந்த இடத்தில் எனக்குச் செவந்திமேல் சந்தேகம் வந்தது. கண்ணுகளா, ஒரு மனுஷியை நல்லவளாக எழுதிவிடுவது ரொம்பச் சுலபம். எழுதியும் பார்த்தேன்: "பிள்ளை ஜெயிக்கட்டும் என்று செவந்தி மனதார..."

மனதார என்ற சொல்லுக்குமேல் பேனா நகரவில்லை. பத்து வருடமாக ஒரு பிள்ளையின் தலை வாசனைக்கு ஏங்குகிறவள் மனதார எதைக் கேட்பாள்? வந்துவிடட்டும் என்றுதான். அப்படியானால் அவள் கெட்டவளா? அதையும் என்னால் எழுத முடியவில்லை. இரண்டு நாள் கதையை மூடி வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அவளையே பேச விட்டேன்.

"ஏண்ணே, அம்மனுக்கு வச்ச வேண்டுதல வேண்டாம்னு திருப்பிச் சொல்லலாமா?"

ரெங்கராஜ் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். "வாங்குன மருந்தையே நான் திரும்ப எடுத்துக்க மாட்டேன். அம்மன் எடுத்துக்குமா?"

"வெளையாடாதீங்க."

கத்தரியை வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "தேடுன்னு சொல்லி அனுப்பியாச்சு. ஆத்தா தேடிக்கிட்டேதான் இருக்கும். கிடைச்சிருச்சுன்னு வெல்லத்தக் கொண்டுபோய்க் குடுத்தாத்தான் நிறுத்தும்."

"கிடைக்காமலே குடுத்தா?"

"அது பொய்யில்ல? அரைக்காசு அம்மன்கிட்டயே பொய் சொன்னா, பொறவு நீ எதத் தொலைச்சாலும் அது தேடாது செவந்தி."

6

பைனல் அன்று சாயங்காலம் நடை திறந்ததும் செவந்தி கோயிலுக்குள் போனாள். எறும்பு மொய்த்து ஒரு பக்கம் கரைந்துபோன வெல்லக் கட்டி. தட்டை நீட்டினாள்.

"பொருள் கெடச்சுடுத்தா?" என்று கேட்டார் குருக்கள். எல்லோரையும் கேட்பதுதான்.

"கிடைச்சிருச்சுங்க சாமி."

"என்ன பொருள்?"

"சின்னப்பிள்ளைக் கொலுசுங்க."

பொய் தடுக்காமல் வந்தது. தீபாராதனை காட்டும்போது அவள் கண்ணை மூடவில்லை. அம்மனை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "கிடைச்சிருச்சு தாயே. இனிமே தேட வேணாம். அவ கால விட்டுரு."

வெல்லத்தை உடைத்து இலையில் வைத்துக் கொடுத்தார்கள். கடையில் பெரிய கம்ப்யூட்டரில் பார்க்கலாம் என்று பஸ் ஏறினாள். பஸ் தாமதம். ஓட்டம் பாதி வழியிலேயே தொடங்கப்போகிறது. அடுத்த நிறுத்தத்தில் நான் ஏறினேன்...

இல்லை. ஏறியது திருக்கோகர்ணத்திலேயே என்று முதலில் சொல்லியிருக்கிறேன். அப்படியே இருக்கட்டும்.

7

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

ஒன்று: இளமதி தோற்கிறாள். ஏப்ரலில் வருகிறாள். வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். செவந்தி குனிந்து அவள் முழங்காலுக்குக் கீழே தடை இடித்த தழும்பைப் பார்க்கிறாள், பார்த்ததும்... அதற்குமேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு: ஜெயிக்கிறாள். ரெங்கராஜ் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுக்கிறார், சுகர்க்காரர்களைத் தவிர. எல்லாம் நன்றாக வந்தது. பிறகு ஏப்ரல் மாதத்தை எழுத வேண்டியிருந்தது. எழுதவில்லை.

மூன்று: ஜெயிக்கிறாள், முகாமையும் முடித்துக்கொண்டு ஒரே ஒரு வாரம் ஓடி வருகிறாள். இதை ஒரே மூச்சில் எழுதினேன். அதனாலேயே எனக்கு நம்பிக்கை இல்லை.

ஓட்டத்தையாவது எழுதலாம் என்றால், அது முடிய எட்டு நொடிக்குமேல் கொஞ்சம்தான் ஆகுமாம். "செவந்தி மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு, இருக்கையின் கம்பியை ஒரு கையால்" என்று நான் எழுதி முடிப்பதற்குள் அந்தப் பிள்ளைகள் கோட்டைத் தாண்டி நின்றிருப்பார்கள். என் வாக்கியத்தால் அவர்களைப் பிடிக்க முடியாது.

ஆகையால் நான் பார்த்ததற்கே வந்துவிடுகிறேன். திரையில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அதில் ஒருத்தி குனிந்து ஷூவை என்னமோ செய்தாள். லேசைத்தான் சொருகினாள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். எல்லோரும் தரையில் விரலை ஊன்றினார்கள். "கீழ ராஜ வீதியெல்லாம் எறங்குங்க!" என்று கண்டக்டர் கத்தினார். பக்கத்தில் இருந்தவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், கையால் தடவித் தடவிப் படியிறங்கினாள். பஸ் நகர்ந்தது.

எடுத்து வைத்திருக்கிறேன் என்றேனே, அது இதுதான். நடைபாதையில் நின்று, போகிற வருகிற ஜனத்துக்கு நடுவே, கைப்பேசியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அவள் கத்தினாள்:

"ஓடு தாயி! திரும்பிப் பாக்காம ஓடு!"

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பஸ் முக்கில் திரும்பிவிட்டது. வெல்லம் என் கையில் ஒட்டிக்கொண்டு இருந்தது. வாயில் போட்டுக்கொண்டேன்.

இதற்குமேல் என்னிடம் இல்லை, கண்ணுகளா. முதல் தடையைத் தாண்டிவிட்டாள். இதோ இரண்டாவது வருகிறது. இப்போது அவள் காலை யாரும் பிடித்திருக்கவில்லை. நான் பஸ்ஸில் போய்விட்டேன். நீங்கள்தான் நின்று பார்க்க வேண்டும்.