பேசாத குழந்தைக்கு எழுதிய வசனம்

1

இந்தக் கதை எனக்குக் கண் ஆஸ்பத்திரியில் கிடைத்தது. கண்ணில் சொட்டு மருந்தை விட்டு, "கொஞ்ச நேரம் அப்படியே உக்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எதிரே இருந்த ஆட்கள், நாற்காலிகள், சுவர்க் கடிகாரம் எல்லாம் கரைந்து ஒரே வெளிச்சமாகிவிட்டன. பக்கத்தில் என் வீட்டுக்காரர், மருந்து படாத நல்ல கண்ணோடு, யாரோ விட்டுப்போன பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

எதிர் வரிசையிலிருந்து ஒரு பெண்ணின் தமிழ் கேட்டது.

"லிஃப்டு குழிக்குள்ள தலைய விடறதுக்கு முன்னாடி கண்ணாடி போடணும்னு தெரியாதா? இத்தன வருஷமா அதத்தான ரிப்பேர் பண்றீங்க?"

ஓர் ஆண் குரல் பதில் சொன்னது. எனக்குத் தெரியாத மொழி. அவள் சொன்னது அவருக்குப் புரிந்திருந்தது. அவர் சொன்னது அவளுக்கும் புரிந்தது, ஏனென்றால் உடனே சிரித்தாள். ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொண்டார்கள், ஓர் இடத்தில்கூடத் தடுமாறாமல். நானும் என் வீட்டுக்காரரும் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரே மொழியில்தான் பேசுகிறோம். பாதி புரிவதில்லை.

பிறகு அவள் குரல் தாழ்ந்தது.

"சரி, ஒண்ண விடணும்னா எத விடறது? சொல்லுங்க."

அவர் ஏதோ சொன்னார்.

"உங்க அக்கா நர்ஸுதான், நான் இல்லன்னு சொல்லல. மூணு வயசாகியும் ஒரு வார்த்த வரலன்னா எனக்கு மட்டும் கவலையா இருக்காதா? வீட்டுல ரெண்டு மொழி இருக்கறதாலதான் பிள்ள திணறுதுன்னு அவங்க சொன்னா ஒண்ண விட்டுத்தான் ஆகணும். ஆனா எத?"

இந்த முறை அவர் நிறைய நேரம் பேசினார். கெஞ்சுவது போலிருந்தது.

அப்புறம் இரண்டு குரல்களும் குனிந்தன. அவள், "வாடா ராஜா, மூக்கச் சிந்திக்கலாம்" என்றாள். அவர் தன் மொழியில் எதையோ கொஞ்சினார். கீழேயிருந்து பதில் வரவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள். போய்விட்டார்கள்.

என்னிடம் இருப்பது அவ்வளவுதான். ஓர் உரையாடலின் தமிழ்ப் பாதி. மிச்சமெல்லாம் நான் எழுதுவது.

2

எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் வரும். முகமும் சட்டை நிறமும் ஜன்னலும் பிற்பாடு, கெஞ்சிக் கூப்பிட்டால், வரும். சில கதைகளில் கடைசிவரை வராது. வாயைத் திறக்காத ஒருவரை நான் இதுவரை எழுதியதே இல்லை. வீட்டுக்காரர் அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"வசனமாவே எழுதறவ நீ. பேசாத பிள்ளைய வெச்சு எப்படி எழுதுவ?"

"அதான் எனக்கும் தெரியல."

"பையனா பொண்ணான்னாவது தெரியுமா? நான் பாத்தேன். அது வந்து—"

"சொல்லாதீங்க!"

"ஏன், சொன்னா என்ன?"

"சொன்னா அந்தப் பிள்ளதான் கதைக்குள்ள வரும். என் பிள்ள வராது."

"அடேயப்பா!" என்று சொல்லிவிட்டுப் பட்டாணி உரிக்கப் போய்விட்டார்.

("வாடா ராஜா" என்றாளே, அப்போது பையன்தானே என்று நீங்கள் கேட்கலாம். நம் வீடுகளில் பெண்ணை "வாடா" என்போம், பையனை "என்னம்மா" என்போம். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. நான் பெண் என்று வைத்துக்கொண்டேன்.)

தொடக்கம் இப்படி எழுதினேன்:

மூன்று வயதாகியும் பேசாத அந்தச் சிறுமியின் கண்களில் ஓர் ஆழ்ந்த

(வேண்டாம். அந்தக் கண்களை நான் பார்க்கவே இல்லை. ஆழமாவது ஒன்றாவது.)

இரண்டு மொழிகளுக்கு நடுவே தத்தளிக்கும் சிறு தோணியைப் போல அவள்

(இதையும் அடித்துவிட்டேன். தத்தளித்தது பெரியவர்கள். குழந்தை மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது.)

3

அம்மாவைத் தையல்காரியாக்கினேன். துணிக்கடைக்கு ஆல்டரேஷன் செய்து கொடுப்பவள். மெஷின் வீட்டிலேயே, ஜன்னலோரம். பேன்ட் காலை மடித்து அளவு குறிக்கும்போது குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொள்வாள். அந்த நேரத்தில் யார் எதைக் கேட்டாலும் "ம்ம்", "ம்ஹும்" என்று ஏதோ குழறலாக வரும். அவ்வளவுதான்.

இந்தத் தொழிலை ஏன் கொடுத்தேன் என்று கேட்டால் பெரிய காரணமில்லை. அவள் தன்மேல் பழி போட்டுக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. அம்மாக்களுக்கு அது எப்படியும் கிடைத்துவிடும்.

"நான்தாங்க காரணம். நாள் பூரா வாயில ஊசிய வெச்சுக்கிட்டு ம்ம் ம்ம்னு இருந்தா, பிள்ள எதக் கேட்டுப் பேசும்?"

"அப்ப நான்? ஊர்ல இருக்கற லிஃப்டோட எல்லாம் பேசறேன். பெத்த பிள்ளையோட பேச நேரமில்ல."*

"லிஃப்டோட என்ன பேசுவீங்க?"

"திட்டுவேன்."

"அதையாவது இவ கேட்டிருந்தா நாலு வார்த்த வந்திருக்கும்."

சிரித்தார்கள். பிறகு இரண்டு பேரும் குழந்தையைப் பார்த்தார்கள். அவள் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து, பொத்தான்களைத் தரையில் அடுக்கிக்கொண்டிருந்தாள், சத்தமில்லாமல்.

* இவர் வசனம் எல்லாம் என் கைச்சரக்கு. இவர் மொழியில் "நீ", "நீங்க" என்று இரண்டு உண்டா என்பதுகூட எனக்குத் தெரியாது. இனி வரும் இடங்களில் மனைவியை "நீ" என்று பேச வைத்திருக்கிறேன். நிஜத்தில் மரியாதைக்காரராக இருந்தால் மனுஷன் என்னை மன்னிக்க வேண்டும்.

4

அந்த நர்ஸ் அக்காவை, அதாவது தையல்காரியின் நாத்தனாரை, முதலில் வில்லியாகத்தான் எழுதினேன். தமிழை ஒழிக்க வந்தவளாக. நல்ல காரசாரமான வசனமெல்லாம் கொடுத்தேன். ஒன்றையும் அவள் பேச மறுத்துவிட்டாள். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்தவள், நேராகத் தரையில் உட்கார்ந்து, குழந்தையோடு பொத்தான் அடுக்க ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் அடுக்கினாள். அப்புறம்தான் தம்பியையும் தம்பி மனைவியையும் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் சொல்றது சரியான்னு எனக்கே தெரியாது. எங்க வார்டுல ஒரு டாக்டர் ஒண்ண விடுன்னு சொல்வார், இன்னொருத்தர் அதெல்லாம் தேவையே இல்லம்பார். அதுக்காகக் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா? ஒண்ண விட்டுப் பாருங்க. எங்க மொழியையே விடுங்களேன், எனக்கு வருத்தமில்ல. எந்த மொழியிலயாவது என்ன ஒரு தடவ அத்தைன்னு கூப்பிட்டா போதும்."

இதற்கு என்ன பதில் சொல்வது? அவள் தன்னுடையதைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் தையல்காரியும் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றிருப்பாள். விட்டுத்தருகிறேன் என்பவளிடம் எப்படிச் சண்டை போடுவது? நாத்தனார் போனபிறகு தையல்காரி சொன்னாள்:

"நான் விட்டுடறேங்க. இனிமே இவகிட்ட உங்க மொழிதான்."

"ஏன் நீ விடணும்?"

"அத்தை, அத்தை பிள்ளைங்க, கீழ்வீட்டுக்காரங்க எல்லாரும் உங்க மொழி. என் பக்கம் நான் ஒருத்திதான்."

"நீ ஒருத்தி போதாதா?"

"எனக்குப் போதும். அவளுக்குப் போதுமா?"

5

மறுநாள் காலை அந்த வீட்டில் தமிழ் இல்லை. அதை நான் தமிழில்தான் எழுத வேண்டியிருக்கிறது.

தினமும் அவள் சொல்வது: "பால் குடிடா ராஜா, என் தங்கம்ல, ஒரே மடக்கு, அம்மாவுக்காக." அன்று கணவரின் மொழியில் சொன்னாள்: "பால். குடி." அந்த மொழியில் அவளுக்குச் சாமான்களின் பெயர் தெரியும். கடைக்காரரிடம் பேரம் பேசத் தெரியும். கொஞ்சத் தெரியாது. இதுவரை தேவைப்பட்டதில்லை.

குழந்தை டம்ளரைப் பார்க்கவில்லை, அம்மாவின் வாயைப் பார்த்தாள். 

"குடி" என்றாள் அம்மா மறுபடியும், அதே மொழியில்.

குழந்தை நாற்காலியிலிருந்து இறங்கி வந்து அவள் மடியில் ஏறினாள். இரண்டு கையாலும் தாடையைப் பிடித்தாள். ஒரு விரலால் கீழுதட்டை இழுத்துப் பார்த்தாள். அப்புறம் மேலுதடு. தலையைச் சாய்த்து இடது கன்னத்துக்குள் எட்டிப் பார்த்தாள், வலது கன்னத்துக்குள் எட்டிப் பார்த்தாள். சாவி தொலைந்த வீட்டில் தேடுவார்களே, அந்தக் கவனத்தோடு.

"என்ன பண்றா இவ?" வாய் பிடிபட்ட நிலையில் அம்மா கேட்டாள்.

வாசலில் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார்.

"குண்டூசி தேடறா."

"என்னது?"

"வாயில ஊசி இருந்தாதான நீ ஒரு மாதிரி பேசுவ? இன்னிக்கு ஒரு மாதிரி பேசற. அதான் உள்ள பாக்கறா."

(இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நம்புங்கள், இதை நான் யோசித்து வைக்கவில்லை. நான் ஒரு தொழிலைக் கொடுத்தேன், அவ்வளவுதான். இந்தச் சின்னது என்ன செய்திருக்கிறது பாருங்கள். எந்த வாயிலிருந்து எந்த மொழி வரும் என்று அதற்குத் தெரியும். வரக்கூடாதது வந்தால் தெரியும். வந்ததற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று தெரியும். அதைச் சோதித்தும் பார்க்கிறது. மொழியே வராத பிள்ளை என்று நான்கு பெரியவர்கள், என்னையும் சேர்த்து, கவலைப்பட்டுக்கொண்டிருந்த பிள்ளை! எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.)

"இல்லடா" என்றாள் அம்மா, தமிழில். "ஊசி இல்லடா ராஜா. நல்லாப் பாரு. ஆஆ... ஒண்ணுமே இல்ல பாத்தியா?"

குழந்தை நன்றாகப் பார்த்தாள். திருப்தியானாள். இறங்கிப் போய்ப் பாலைக் குடித்தாள்.

"இனிமே யாரும் எதையும் விட வேணாம்" என்றார் அப்பா.

"உங்க அக்காகிட்ட என்ன சொல்றது?"

"இவளுக்கு எல்லாம் தெரியும், நமக்குத்தான் தெரியலன்னு சொல்றேன்."

"தெரிஞ்சா பேசணுமேங்க?"

அவர் மறுபடி ஷூ நாடாவைப் பிடித்துக்கொண்டார். நான் நோட்டை மூடினேன்.

6

இதுவரை எழுதியதை வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன்.

"சரி, பேசுச்சா?"

"இன்னும் இல்ல."

"எப்பதான் பேசும்?"

"உங்களுக்கென்ன அவசரம்?"

"எனக்கென்ன அவசரம்? அந்தத் தையக்காரப் பொண்ணு தவிக்குதே, அதுக்காகச் சொல்றேன். உன் கையிலதான இருக்கு?"

என் கையில்தான் இருக்கிறதாம். போய் எழுதினேன்.

விடுமுறை நாள். நாத்தனார் வந்திருக்கிறாள். மூவரும் சமையலறையில் இருக்கும்போது முன்னறையிலிருந்து சத்தம் வருகிறது. மெதுவாகப் போய் எட்டிப் பார்க்கிறார்கள். குழந்தை முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கையில் அப்பாவின் வேலை ஷூ, இன்னொரு கையில் அம்மாவின் செருப்பு. இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பேச வைத்துக்கொண்டிருக்கிறாள்.

வார்த்தை இல்லை. ஒன்றுகூட இல்லை. ஆனால் ஷூ தாழ்ந்த குரலில், ஒவ்வொரு அடியையும் அழுத்தி வைத்து, கடைசியில் பொத்தென்று இறங்குகிறது. அது அப்பாவின் மொழி நடக்கும் நடை. செருப்பு இழுத்து, ஏறி, நம்முடைய "இல்ல?" போல வாலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஷூ குறுக்கிடுகிறது. செருப்பு விடவில்லை. ஷூ கெஞ்சுகிறது. செருப்பு சிரித்துவிடுகிறது.

"வார்த்தையே வரலையே" என்று நாத்தனார் கிசுகிசுத்தாள்.

"ஷ்ஷ். நாங்க ரெண்டு பேரும் சண்ட போடறோம் அண்ணி."

"எப்படிச் சொல்ற?"

"அந்தச் செருப்பு கடைசிப் பேச்ச விட்டுக் குடுக்குதா பாருங்க."

அப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் பார்த்தால் சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வார்த்தைதான் பேச்சு என்று இத்தனை காலம் எழுதி வந்தவள் நான். குழந்தையோ முதலில் வீட்டைக் கட்டிவிட்டாள், இரண்டு வீட்டை, அடுத்தடுத்து, வாசலோடும் படியோடும். வார்த்தைகள் இனிமேல்தான் குடிவர வேண்டும். நான் வாசலில் நிற்கிறேன். என் வேலை எனக்கு மறந்துவிட்டது.

7

முடிவுகள்.

முதல் முடிவில் குழந்தை திரும்பிப் பார்த்து "அம்மா" என்கிறாள். எழுதிவிட்டு ஒரு பகல் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். சாயங்காலம் அந்த லிஃப்ட் மெக்கானிக்கை நினைத்தேன். அவரும் சிரித்திருப்பார், கைதட்டியிருப்பார். அதற்கப்புறம்?

இரண்டாவது முடிவில் அவர் மொழியில் ஒரு வார்த்தை சொல்கிறாள். அந்த மொழியில் ஒரு சொல்கூட எனக்குத் தெரியாது. "அவள் அப்பாவின் மொழியில் ஏதோ சொன்னாள்" என்றுதான் எழுத முடியும். மூன்று வருஷம் காத்திருந்து கேட்கிற முதல் வார்த்தையை "ஏதோ" என்று எழுதுவதா?

மூன்றாவதில் இரண்டு மொழியும் ஒரே மூச்சில் வருகின்றன. "இது சர்க்கஸ்" என்றார் வீட்டுக்காரர். சரிதான்.

இங்கேதான் எனக்கு உறைத்தது. அப்பாவைத் தமிழ் பேச வைத்தேன், நாத்தனாரைப் பேச வைத்தேன். அவர்கள் பெரியவர்கள், பொறுத்துக்கொள்வார்கள். ஆனால் இவள் முதல் வார்த்தையை நான் எழுதினால் அது தமிழாகத்தான் வரும். என் பேனாவுக்கு வேறு தெரியாது. ஒண்ண விடுங்க என்று அந்த வீட்டுக்குள் போய்ச் சொல்லும் இன்னொரு ஆளாகிவிடுவேன், அதுவும் நர்ஸ் படிப்புகூட இல்லாமல்.

அதனால் நான் எழுதப் போவதில்லை. அந்த வார்த்தையை நீங்கள்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ வேறு மொழிக்காரர் யாராவது இருந்தால் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எது வந்தாலும் உங்கள் இருவரில் ஒருவருக்குப் புரியட்டும். சத்தம் மட்டும் வேண்டாம்.

முன்னறை வாசலில் மூவரும் நிற்பது குழந்தைக்குத் தெரிந்துவிட்டது. ஷூவையும் செருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்புகிறாள். அம்மாவும் அப்பாவும் அவள் உயரத்துக்குக் குனிந்துவிட்டார்கள். அப்பாவின் வாயைப் பார்க்கிறாள். அம்மாவின் வாயைப் பார்க்கிறாள். பின்னால் நிற்கும் அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

குழந்தை வாயைத் திறந்து, மூச்சை உள்ளே இழுத்தாள்.